தொடக்கக் கற்பித்தல் நெடுங்கணக்கு

தொடக்கக் கற்பித்தல் நெடுங்கணக்கு என்பது ஆங்கிலம் வாசிக்கத் தொடங்கும் சிறுவர்களுக்காக உருவாக்கப்பட்ட ஓர் இடைக்கால எழுத்து முறை ஆகும். ஆங்கிலத்தில் இது இனிஷியல் டீச்சிங் ஆல்பபெட் அல்லது சுருக்கமாக ஐ.டி.ஏ. எனப்படும். 1960களில் பிரித்தானியப் பள்ளிகள் பலவற்றில் இது பயன்படுத்தப்பட்டது. வாசிப்புக் கற்பித்தல் முறைகளை மதிப்பிடுவதில் உள்ள சிக்கல்களுக்கு இது ஒரு சிறந்த எடுத்துக்காட்டாக விளங்குகிறது.

பின்னணி

ஆங்கிலத்தில் ஏறத்தாழ 44 ஒலிகள் உள்ளன. எழுத்துகளோ 26 மட்டுமே. ஓ, யூ, ஜி, எச் என்னும் நான்கு எழுத்துகள் தோ, த்ரூ, காஃப் ஆகிய சொற்களின் இறுதியில் மூன்று வெவ்வேறு ஒலிகளைத் தருகின்றன. இத்தகைய முரண்பாடுகளே சிறுவர்கள் வாசிக்கத் தடுமாறுவதற்குக் காரணம் எனக் கருதப்பட்டது.

அமைப்பு

சுருக்கெழுத்து அறிஞர் ஐசக் பிட்மனின் பேரனான சர் ஜேம்ஸ் பிட்மன் இதனை வடிவமைத்தார். கியூ, எக்ஸ் நீங்கலாக வழக்கமான 24 எழுத்துகளுடன் புதிய வடிவங்களும் சேர்க்கப்பட்டு 44 எழுத்துகள் அமைந்தன. பெரிய எழுத்துக்குத் தனி வடிவம் இல்லை. அதே எழுத்து அளவில் பெரிதாக எழுதப்படும். வாசிப்பில் தேர்ந்த பின்னர் மாணவர் வழக்கமான எழுத்துக்கு மாற்றப்படுவர்.

மதிப்பீடு

1961இல் இங்கிலாந்துப் பள்ளிகளில் ஜான் டவுனிங் தலைமையில் ஆய்வு தொடங்கியது. ஒரு குழு புதிய எழுத்திலும் மற்றொரு குழு வழக்கமான எழுத்திலும் ஒரே பாடநூல் வரிசையைப் பயின்றன. புதிய எழுத்தில் பயின்றோர் தொடக்கத்தில் விரைவாக முன்னேறினர். எனினும் வழக்கமான எழுத்துக்கு மாறியபோது பின்னடைவு காணப்பட்டது. 1969இல் வெளியான வார்பர்ட்டன், சௌத்கேட் ஆகியோரின் மதிப்பீடு, தொடக்கத்தில் நன்மை உண்டு என ஏற்றுக்கொண்டது. ஆயினும் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் இரு முறைகளுக்கும் இடையிலான வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடுவதாகக் கூறியது. எனவே எந்த ஆண்டில், எந்த எழுத்தில் தேர்வு வைக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து முடிவு மாறக்கூடும்.

புதிய முறையைக் கையாண்ட ஆசிரியர்களின் ஊக்கமே முன்னேற்றத்துக்குக் காரணமாக இருக்கலாம் என்ற விமர்சனமும் எழுந்தது. இம்முறையில் பயின்ற சிலர், தம் எழுத்துப்பிழைகளுக்கு இதுவே காரணம் எனப் பிற்காலத்தில் குறை கூறினர். ஆனால் வழக்கமான முறையில் கற்றவர்களோடு ஒப்பிடாமல் இதனை நிறுவ இயலாது.

கைவிடப்படல்

தனி நூல்களின் தேவை, பள்ளி மாறும் மாணவரின் சிரமம், பள்ளிக்கு வெளியே எங்கும் வழக்கமான எழுத்தே இருந்தமை முதலியவற்றால் 1970களில் இதன் பயன்பாடு குறைந்தது. 2006ஆம் ஆண்டின் ரோஸ் அறிக்கைக்குப் பின் இங்கிலாந்துப் பள்ளிகளில் முதன்மை பெற்ற ஒலிவழி வாசிப்பு முறையும் ஒலிகளிலிருந்தே தொடங்குகிறது; ஆனால் எழுத்துகளை அது மாற்றுவதில்லை.