உங்களுக்குத் தெரியுமா? அடுப்படிக்குள் இத்தனை அதிசயம்!

தினமும் விசில் அடிக்கிறதே உங்கள் வீட்டுக் குக்கர், அதற்கு வயது என்ன தெரியுமா? 340-ஐத் தாண்டிவிட்டது! டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் 1679-லேயே லண்டனில் அதைச் செய்து காட்டிவிட்டார். எலும்பைக்கூட மெத்தென்று வேகவைத்தார்!

1682-ல் ராயல் சொசைட்டி விஞ்ஞானிகளுக்கு அந்தக் குக்கரிலேயே சமைத்து விருந்து! மீன், மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி எல்லாம் உண்டு. உலகின் முதல் 'குக்கர் விருந்து' அதுவாகத்தான் இருக்க வேண்டும்!

சேஃப்டி வால்வும் அவர் மூளையில் உதித்ததுதான். அதோடு விட்டாரா? நீராவிக்கு இருக்கும் பலத்தைப் பார்த்தவர், 1690-ல் நீராவியால் பிஸ்டனை நகர்த்தும் இயந்திரத்துக்கும் மாதிரி செய்தார். ஆக, ரயில் இன்ஜினுக்குத் தாத்தா நம் குக்கர்!

வெயிட் போட்ட குக்கருக்குள் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கிறது? 100 என்று சொன்னால் தப்பு. சுமார் 120! ஊட்டியில் திறந்த பாத்திரத்தில் வையுங்கள், 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கும், ஆனால் பருப்பு லேசில் வேகாது. மலைவாசிகள் குக்கரை ஏன் கொண்டாடுகிறார்கள் என்று இப்போது புரிகிறதா!

அடுத்தது என் செல்லம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு!

ஈயம் என்றதும் பதறாதீர்கள். விஷமான காரீயம் வேறு, சொம்பு செய்யும் வெள்ளீயம் வேறு. இரண்டும் வெவ்வேறு உலோகங்கள்! காரீயம் கலக்காத சுத்த வெள்ளீயம்தானா என்று கேட்டு உறுதி செய்துகொண்டு வாங்குங்கள்.

வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். கேஸ் அடுப்பின் தீயோ ஆயிரம் டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். அப்படியானால் ரசம் எப்படிக் கொதிக்கிறது? ரசமேதான் சொம்பைக் காப்பாற்றுகிறது! உள்ளே தண்ணீர் இருக்கும்வரை சொம்பின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். அதனால்தான் முதலில் புளித்தண்ணீர், அப்புறம்தான் அடுப்பு!

என் அத்தை வீட்டில் ஒருநாள் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று போய்விட்டு வந்து பார்த்தால், ரசம் சுத்தமாக வற்றிவிட்டது. சொம்பின் அடி மெதுவாகக் குழிந்தது. அப்புறம் பளபளவென்று வெள்ளித் துளிகள் பர்னர் மேல் சொட்டுச் சொட்டாக விழுந்தன. கண்ணெதிரே பாதிச் சொம்பு காணாமல் போயிற்று! அத்தைக்கு அழுகை. எனக்கு அன்றைக்குத்தான் 232 என்ற எண்ணின் அர்த்தம் புரிந்தது!

இன்னொன்று கேளுங்கள். சுத்த வெள்ளீயக் கம்பியை வளைத்தால் அது சத்தம் போடும்! உள்ளே இருக்கும் படிகங்கள் இடம் மாறும்போது கிளம்பும் ஓசை. ஆங்கிலத்தில் அதை 'வெள்ளீயத்தின் அழுகை' என்றே சொல்கிறார்கள்!

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதைப் பார்த்திருக்கிறீர்களா? கனலில் காய்ந்த பாத்திரம். ஒரு சிட்டிகை நவச்சாரம். குப்பென்று வெள்ளைப் புகை மூக்கில் ஏறும். ஒரு துண்டு ஈயம். பஞ்சால் ஒரே இழுப்பு. மஞ்சளாக இருந்த உட்புறம் கண்ணிமைக்கும் நேரத்தில் வெள்ளியாகிவிடும்! எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத வித்தை!

எவர்சில்வரில் வெள்ளி எவ்வளவு? ஒரு மில்லிகிராம்கூடக் கிடையாது! நல்ல ரகத்தில் இருப்பது இரும்போடு 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி எதற்காகத் தேடிப் போனார் தெரியுமா? துப்பாக்கிக் குழல் அரிக்காமல் இருக்க! கிடைத்ததோ நம் சாப்பாட்டுத் தட்டு!

காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளியுங்கள். கல் அரைகுறையாகக் காய்ந்திருந்தால் 'சுர்' என்று ஆவியாகிவிடும். நன்றாகக் காய்ந்திருந்தால்? முத்து முத்தாக உருண்டு ஓடும்! அந்தச் சொட்டு கல்லைத் தொடவே இல்லை. தன் ஆவியின் மேலேயே மிதக்கிறது! லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மானியர் இதை எழுதிவைத்தது 1756-ல்!

பழகிய தோசைக்கல்லின் மினுமினுப்பான கறுப்பு கரி இல்லை, துரு இல்லை. எண்ணெய்! பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தொட்டுத் தேய்த்தீர்களே, அந்த எண்ணெய்தான் சூட்டில் இறுகிப் படலமாகிவிட்டது!

நான்ஸ்டிக் தவாவின் பிறந்தநாள் வேண்டுமா? 1938 ஏப்ரல் 6! ராய் பிளங்கெட் என்ற 27 வயது வேதியியலாளர் கேஸ் சிலிண்டரைத் திறந்தார். கேஸ் வரவில்லை. எடையோ குறையவில்லை! அறுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைப் பொடி. அதுதான் டெஃப்லான்! சுவரெங்கும் ஓடும் பல்லியைக்கூட வழுக்கிவிடும்!

அதைச் சட்டியில் பூசச் சொன்னது யார்? ஒரு மனைவி! பிரான்ஸில் மார்க் கிரெகுவார் மீன்பிடி சாமான்களுக்குப் பூசிக்கொண்டிருந்தார். "என் சட்டிக்குப் பூசினால் என்ன?" என்றார் கொலெட். வருடம் 1954!

மிக்ஸியும் அப்படித்தான்! மாதுரி மாத்தூரின் ஜெர்மன் மிக்ஸி நம் ஊர் அரவையைத் தாங்காமல் படுத்துவிட்டது. "நமக்கு ஏற்றபடி ஒன்று செய்யுங்கள்" என்றார். இன்ஜினியர் கணவர் சத்ய பிரகாஷ் மாத்தூர் செய்தேவிட்டார். 1963-ல் பிறந்தது சுமீத் மிக்ஸி!

ஜப்பானில் எலெக்ட்ரிக் ரைஸ் குக்கருக்காக யோஷிதடா மினாமி அலைந்தபோது, மறுபடி மறுபடி சோறு வடித்துப் பார்த்துக் குறிப்பெடுத்தவர் மனைவி ஃபுமிகோ. தோஷிபா அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1955-ல்!

அதே 1955-ல்தான் கோயம்புத்தூரில் சபாபதி முதல் வெட் கிரைண்டரைச் செய்தார்! அங்கே சோறு, இங்கே இட்லி மாவு! இன்று கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது!

சோறு வெந்ததும் ரைஸ் குக்கர் 'டக்' என்று தானே நிற்பது எப்படி? பல குக்கர்களில் அடியில் ஒரு காந்தம். தண்ணீர் வற்றிச் சூடு 100-ஐக் கொஞ்சம் தாண்டியதுமே அது ஈர்ப்பை இழந்துவிடும். ஸ்விட்ச் விழுந்துவிடும்!

மைக்ரோவேவ் கண்டுபிடித்த பெர்சி ஸ்பென்சர் பள்ளிப்படிப்பையே முடிக்காதவர்! 1945-ல் ரேடார் கருவி அருகே நின்றார், பையில் இருந்த மிட்டாய் உருகிவிட்டது. 1947-ல் விற்பனைக்கு வந்த முதல் மைக்ரோவேவின் எடை? சுமார் 340 கிலோ!

கேஸ் லைட்டரில் பேட்டரி எங்கே? கிடையாது! உள்ளே ஒரு குட்டிப் படிகம். 'டிக்' என்று ஓர் அடி விழுந்ததும் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம்!

டப்பா உணவு வந்தது 1810-ல். அதைத் திறக்கும் ஓப்பனர்? 1855-ல்! நடுவில் 45 வருடம் உளியும் சுத்தியலும்தான்!

அலுமினியத்துக்கு ஒரு காலத்தில் வெள்ளி விலை! 1884-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் நினைவுத் தூணுக்கு உச்சியில் மகுடமாக வைத்தது அலுமினியத்தைத்தான். 1898-லோ நம் சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரமே செய்ய ஆரம்பித்துவிட்டார். வெறும் 14 வருடத்தில் மகுடம் சட்டியானது!

எல்பிஜி-க்குச் சொந்த வாசனை கிடையாது! அந்த அழுகிய நாற்றம் கசிவு தெரிவதற்காகவே சேர்ப்பது. சிலிண்டர் கைப்பிடியின் உட்புறம் D-27 மாதிரி ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும். 2027-ன் கடைசி மூன்று மாதத்துக்குள் அதைச் சோதிக்க வேண்டும் என்று அர்த்தம்! A என்றால் ஜனவரி முதல் மார்ச். இப்போதே எழுந்து போய்ப் பாருங்கள், கெடு முடிந்திருந்தால் அடுத்த முறை வாங்காதீர்கள்!

கடைசியாக, பரண் மேல் தூங்கும் பம்ப் ஸ்டவ். ஸ்பிரிட் ஊற்றி, பின் குத்தி, பம்ப் அடித்து, 'ஹோ' என்று நீல ஜ்வாலை வரும்வரை பாட்டி நகரமாட்டார். 1892-ல் ஸ்வீடனில் பிறந்த பிரைமஸ் அது. 1911-ல் அமுன்ட்சென் அதைத் தென் துருவத்துக்கே தூக்கிப் போனார்!

எவரெஸ்டிலும் அதுதான்! 1953 மே 29, விடியற்காலை. உச்சிக்குக் கீழே கடைசிக் கூடாரம். ஹிலாரியின் பூட்ஸ் விறைத்துக் கல்லாகிவிட்டது. என்ன செய்தார்? பிரைமஸ் ஸ்டவ்வில் பூட்ஸை வாட்டினார்! இளகியதும் மாட்டிக்கொண்டு டென்சிங்கோடு கிளம்பினார். பகல் 11.30-க்கு இருவரும் உச்சியில்!