சூரியகாந்தியும் ஒரு வண்ணத்துப்பூச்சியும்

சித்திரைத் திருவிழாவுக்காகக் கள்ளழகர் மதுரைக்குப் புறப்படுகையில் வழிநெடுக உயரும் கைப்பேசிகளுக்குக் கணக்கில்லை. மற்ற நாள்களில் அழகர்கோவிலில் படமெடுக்க என்ன இருக்கிறது? பதினெட்டாம்படிக் கருப்பசாமி சன்னிதிக்கு அருகே பூத்தொடுக்கும் விரல்கள், குட்டியைச் சுமந்து மதில்மேல் நடக்கும் குரங்கு, மலைமீது மெல்லப் பரவும் காலை வெயில். நாள்தோறும் காண்பதாலேயே நம் கண் இவற்றைக் கடந்துவிடுகிறது. இத்தகைய காட்சி ஒன்றால் மீண்டும் தம் தொழிலுக்குத் திரும்பிய ஓர் ஒளிப்படக் கலைஞரைப் பற்றி இங்கே எழுதுகிறோம்.

ஜான் ஐசக் 1943-இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்து இருங்களூரில் பிறந்தவர். 1968-இல் கிதாரும் கையுமாக நியூயார்க் சென்றார். ஐக்கிய நாடுகள் சபையில் அவருக்கு முதலில் கிடைத்தது கடிதங்களைக் கொண்டு சேர்க்கும் வேலை. அங்கிருந்து படங்களைக் கழுவும் இருட்டறைக்கும், பின்னர் ஒளிப்படக் கருவிக்கும் நகர்ந்தார். 1998-இல் ஓய்வு பெறும்வரை போரும் பஞ்சமும் அகதி முகாமுமாகப் பல நாடுகளைப் படமெடுத்தார். எத்தியோப்பியப் பஞ்சத்தின்போது ஆடையின்றிக் கிடந்த ஒரு பெண்ணைக் கண்டபோது, படமெடுக்காமல் துணியால் போர்த்தினார். முதலில் மனிதன், பிறகே படக்காரன் என்பது அவர் கொள்கை.

1994-இல் ருவாண்டாவின் படுகொலைகளுக்குப் பிந்தைய துயரத்தைக் கண்டு திரும்பியவர் மனம் உடைந்துபோனார். மாதக்கணக்கில் கருவியைத் தொடவில்லை. பின்னர் ஒருநாள் வீட்டுத் தோட்டத்துச் சூரியகாந்தியில் ஒரு வண்ணத்துப்பூச்சி வந்து அமர்ந்தது. உள்ளே ஓடிக் கருவியை எடுத்து வந்தார். அதன்பின் பறவைகள், காட்டு விலங்குகள், காஷ்மீர் மக்களின் அன்றாட வாழ்க்கை என அவர் பார்வை திரும்பியது. காஷ்மீர்ப் படங்கள் 2008-இல் நூலாயின.

மருத்துவர்களாகிய எங்களுக்கு இக்கதையில் முக்கியமாகத் தோன்றுவது அந்தப் பூவைவிட, அதற்கு முந்தைய மாதங்களே. உயிராய் நேசித்த ஒன்றையும் தொட மனமில்லாமற் போவது மனச்சோர்வு நோயின் தலையாய அறிகுறிகளுள் ஒன்று. டயாலிசிஸ், பக்கவாதம், புற்றுநோய் என நெடுநாள் நோயில் இருப்போரிடம் இதை அடிக்கடி காண்கிறோம். "எதுலயும் மனசு ஒட்டல" என்பார்கள். வீட்டார் அதை உடல் அசதி என்றோ பிடிவாதம் என்றோ எண்ணிக்கொள்வார்கள். இரண்டு வாரம் இப்படியே நீடித்தால் எங்களிடம் சொல்லுங்கள். உரையாடல் வழிச் சிகிச்சையும் தேவையெனில் மாத்திரைகளும் உண்டு. பூவைப் பார்த்தால் சரியாகிவிடும் என்று நாங்கள் ஒருபோதும் சொல்லமாட்டோம். ஆனால், சுவரைப் பார்த்தே படுத்திருந்தவர் தலையணையைச் சன்னல் பக்கம் மாற்றச் சொன்னால், அதை நல்ல செய்தியாகவே கொள்கிறோம்.

உடனிருப்போர் கையில் கைப்பேசி இருக்கிறது. ஊருக்குப் போய் வருகையில் வாசல் வேம்பையோ, தொழுவத்துக் கன்றையோ, பேத்தி போட்ட கோலத்தையோ எடுத்து வாருங்கள். மருத்துவமனையில் இரவு பகல் தெரியாமல் குழம்பும் முதியவர்களுக்கு, பழகிய முகத்தையும் இடத்தையும் காட்டிப் பெயர் சொல்லிப் பேசுவது உண்மையிலேயே துணைசெய்கிறது. கன்று பால் குடிக்கிறதா என்று அவர் ஒரு கேள்வி கேட்டுவிட்டால் போதும், பேச்சு தானே வளரும்.

கட்டிலில் இருப்பவரைப் படமெடுக்க வேண்டுமெனில் அவரிடமே கேளுங்கள். தூங்கும்போதும் குழாய்கள் பொருத்தியிருக்கும்போதும் கட்டாயம் வேண்டாம். உறவினர் வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு அவருடைய சம்மதத்தைத் தனியே பெறுங்கள். அடுத்த கட்டிலில் இருப்பவர் படத்தின் ஓரத்தில்கூட விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.