வெறுங்காணி எப்படி உண்டாகிறது?

கட்டடங்களின் வரலாறு பெரும்பாலும் அடிக்கல்லிலிருந்தே எழுதப்படுகிறது. யார் நாட்டினார், எந்த ஆண்டில், எத்தனை மாடி, எவ்வளவு செலவு என்பன பதிவாகின்றன. அதற்கு முன்னர் அந்தக் காணியில் நடந்தவை அநேகமாக ஒரு வரியோடு முடிந்துவிடும்: 'பழைய கட்டடங்கள் அகற்றப்பட்டு நிலம் சமப்படுத்தப்பட்டது.' யார் அகற்றினார்கள், அங்கு யார் இருந்தார்கள் என்ற இரண்டையும் இந்த வரி சொல்வதில்லை. வளைகுடா நகரங்களை முன்வைத்து இவ்வரியைச் சற்று விரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வளைகுடாவைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இந்நகரங்கள் வெறும் மணலிலிருந்து முளைத்தவை என்று ஒரு கதை உலவுகிறது. எம்மவரும் அதையே திருப்பிச் சொல்கிறார்கள். ஆனால் குவைத், தோஹா, டுபாய், ஜெத்தா ஆகியவற்றின் மையப்பகுதிகள் கடந்த எழுபது ஆண்டுகளில் கட்டப்பட்டும் இடிக்கப்பட்டும் மீளக் கட்டப்பட்டும் வந்தவை. இடிக்கப்பட்ட வீடுகளில் கடைசியாகக் குடியிருந்தவர்களில் பலர் தெற்காசியத் தொழிலாளர்கள். அவர்களுள் தமிழரும் அடங்குவர்.

இடிப்பின் ஒழுங்குமுறை

2020 நவம்பர் 27ஆம் திகதி அபுதாபியின் மினா சயீத் துறைமுகப் பகுதியில், முழுமை பெறாமலே நின்றுபோன மினா பிளாசாக் கோபுரங்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. மொத்தம் 144 தளங்கள் பத்து விநாடிகளில் சரிந்தன. அவற்றின் உயரம் 165 மீற்றர். வெடிவைத்து வீழ்த்தப்பட்ட மிக உயரமான கட்டடம் என்று கின்னஸ் பதிவும் கிடைத்தது. இம்முறையில் வெடிமருந்து கட்டடத்தைத் தூளாக்குவதில்லை. தூண்களில் துளையிட்டுச் சிறுசிறு அளவில் மருந்து வைக்கப்படுகிறது; அது மிகச் சிறிய கால இடைவெளிகளில் வரிசையாக வெடித்துத் தூண்களை மட்டும் முறிக்கிறது. எஞ்சிய வேலையைக் கட்டடத்தின் சொந்தப் பாரமே செய்து முடிக்கிறது.

உலகம் தொலைக்காட்சியில் பார்த்தது இதைத்தான். ஆனால் நெருக்கமான குடியிருப்புப் பகுதிகளில் நடக்கும் அன்றாட இடிப்புக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. அங்கு வேலை மெதுவாக, ஒழுங்குப்படி நடக்கிறது. முதலில் மின்சாரம், தண்ணீர், கழிவுநீர், தொலைபேசி ஆகிய ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான நிறுவனத்திடமிருந்து ஆட்சேபமில்லை என்ற கடிதம் பெறவேண்டும். வளைகுடாவில் வேலைசெய்த எவருக்கும் 'என்.ஓ.சி.' என்ற சொல் பழக்கமானது. பின்னர் இணைப்புக்கள் துண்டிக்கப்படும். கல்நார்க் கூரையோ குழாயோ இருந்தால் அது தனியாக, நனைத்து, மூடிக்கட்டி அகற்றப்படவேண்டும்; அதன் தூசு நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்தே நோயாக வெளிப்படும். அடுத்து கதவு, யன்னல், குளிரூட்டி, மின்கம்பி என்று விலைபோகக் கூடியவை எல்லாம் கழற்றப்படும்.

அதன் பின்னரே கொங்கிரீட்டில் கை வைக்கப்படும். கட்டிய ஒழுங்குக்கு நேர்மாறாக மேலிருந்து கீழ்நோக்கி இடிப்பது பொதுவிதி. உயரமான கட்டடமெனில் சிறிய இயந்திரங்களைப் பாரந்தூக்கியால் மேல்தளத்தில் ஏற்றி, கீழ்த்தளங்களுக்கு முட்டுக்கொடுத்து, ஒவ்வொரு தளமாக உடைத்து இறங்குவார்கள். உயரம் குறைந்தவற்றை நீண்ட கையுள்ள எக்ஸ்கவேற்றர் நிலத்தில் நின்றபடியே கடித்துத் தின்றுவிடும். தூசு எழாமலிருக்க ஒருவர் குழாயால் தண்ணீர் அடித்துக்கொண்டே இருப்பார். இரும்புக் கம்பி பிரிக்கப்பட்டு விற்கப்படும். கொங்கிரீட் நொருக்கப்பட்டு வீதிகளுக்கு அடித்தளமாகப் போடப்படும், அல்லது குப்பைமேட்டுக்குப் போகும்.

இடித்து அள்ளியதோடு காணி தயாராகிவிடுவதில்லை. பழைய அத்திவாரம், கைவிடப்பட்ட மலக்குழி, மறந்துபோன குழாய்கள் ஆகியன தோண்டி எடுக்கப்படவேண்டும். வளைகுடாக் கரையோர நிலம் பலவிடங்களில் 'சப்கா' எனப்படும் உப்புச்சேற்று நிலம். காய்ந்திருக்கையில் கல்லைப்போல இருக்கும், நனைந்தால் தாங்காது. அதனை அகற்றி நல்ல மண் நிரப்பி, அடுக்கடுக்காக நீர்தெளித்து இறுக்கி, ஒவ்வொரு அடுக்கின் இறுக்கத்தையும் சோதிக்கவேண்டும். கடலுக்கு அண்மையில் சில மீற்றர் தோண்டினாலே நிலக்கீழ் நீர் வந்துவிடும். ஆகவே குழியைச் சுற்றித் தடுப்புச்சுவர் இறக்கி, இரவுபகலாக நீரை இறைத்தபடியே அத்திவாரம் போடுகிறார்கள். இந்நீரிலுள்ள குளோரைட்டும் சல்பேட்டும் கொங்கிரீட்டையும் கம்பியையும் அரிப்பவை. எழுபதுகளின் எண்ணெய்ப்பெருக்கக் காலத்தில் அவசரமாகக் கட்டப்பட்டவை பல, ஒரு மனித ஆயுளில் பாதியைக்கூடத் தாண்டாமல் வெடித்து உதிர்ந்ததற்கு இந்த உப்பும் ஒரு காரணம்.

எனவே இடிப்பு எல்லாமே அநியாயம் என்று வாதிடுவது இக்கட்டுரையின் நோக்கமல்ல. 2008 ஓகஸ்டில் டுபாய் நைஃப் பகுதியில், ஆட்கள் நெருக்கியடித்து வாழ்ந்த ஒரு வீட்டில் தீப்பிடித்துக் குறைந்தது 11 தொழிலாளர்கள் இறந்தனர். 2023 மார்ச்சில் தோஹாவின் மன்சூராப் பகுதியில் ஒரு குடியிருப்புக் கட்டடம் தானாகவே இடிந்து உயிர்களைப் பறித்தது. இடிக்கப்படவேண்டியதை இடிக்காமல் விடுவதும் கொலைக்குச் சமம். கேள்வி இடிக்கலாமா என்பதல்ல. இடிப்பதற்கு முன் யாரைக் கணக்கெடுக்கிறார்கள் என்பதே.

கடதாசியில் நடக்கும் இடிப்பு

டுபாயின் வாடகைச் சட்டம் (2007இன் 26ஆம் இலக்கம், 2008இன் 33ஆம் இலக்கத்தால் திருத்தப்பட்டது) இவ்விடயத்தில் தெளிவானது. இடித்துக் கட்டுவதற்காக வாடகையாளரை எழுப்புவதாயின் உரிமையாளர் உரிய அனுமதிகளைப் பெற்றிருக்கவேண்டும். நொத்தாரிசு மூலமோ பதிவுத் தபாலிலோ 12 மாத முன்னறிவித்தல் கொடுக்கவேண்டும். ஐரோப்பிய நகரங்கள் சிலவற்றோடு ஒப்பிட்டாலும் இது மோசமான காலவரையறை அல்ல.

ஆனால் இந்த அறிவித்தல் யாருக்கு வருகிறது? ஒப்பந்தத்தில் பெயருள்ளவருக்கு மட்டுமே. அதே சட்டம், உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதமின்றி உள்வாடகைக்கு விடுவதைத் தடுக்கிறது. குறைந்த சம்பளக்காரர் வாழ்வதோ பெரும்பாலும் உள்வாடகையில்தான். ஒருவர் பெயரில் வீடு, ஒரு அறையில் ஆறு அல்லது எட்டுக் கட்டில், கட்டிலுக்கு மாதவாடகை: இதுவே 'பெட் ஸ்பேஸ்'. கட்டிலில் படுப்பவருக்குக் கடதாசி இல்லை. கடதாசி இல்லாதவருக்கு அறிவித்தலும் இல்லை. பன்னிரண்டு மாத அவகாசம் அவரிடம் வந்து சேரும்போது சில நாட்களாகச் சுருங்கிவிடுகிறது. சட்டம் மீறப்படாமலே ஒருவர் வீதிக்கு வந்துவிட முடியும் என்பதை இங்கு நாம் கவனிக்கவேண்டும்.

நட்டஈடு யாருக்கு?

குவைத்தில் 1951இல் தொடங்கிய காணி கொள்வனவுத் திட்டம் வளைகுடாவின் முதலாவது பெரும் நகரத் துப்புரவு எனலாம். பழைய நகரின் மண்வீடுகளை அரசு சந்தை விலைக்கு மேலாகக் கொடுத்து வாங்கி இடித்தது. 1920இல் கட்டப்பட்ட நகர மதிலும் 1957இல், வாசல்கள் தவிர, தகர்க்கப்பட்டது. எண்ணெய்ப் பணத்தைப் பிரசைகளிடம் சேர்ப்பதற்கு இந்த இடிப்பே வழியாக அமைந்தது. தம் வீட்டை இழந்தவர்கள் செல்வந்தராகிப் புறநகரில் குடியேறினர். இழப்புக்கு ஈடு என்ற கொள்கை அங்கு முழுமையாகவே செயற்பட்டது, ஆனால் அது பிரசைகளுக்கானது.

அரை நூற்றாண்டின் பின் டுபாயின் சத்வாவுக்கு வருவோம். ஒருமாடி வீடுகள் நிறைந்த அப்பகுதி காலப்போக்கில் இந்தியர், பாகிஸ்தானியர், பிலிப்பினோக்கள் முதலானோர் வாடகைக்கு வாழும் இடமாயிற்று. 2008இல் சுவர்களில் இலக்கங்கள் எழுதப்பட்டு வீடுகள் இடிபடத் தொடங்கின. அவ்வாண்டு ஒக்டோபரில் அவ்விடத்தில் 9500 கோடி டொலர் செலவில் ஜுமேரா கார்டன் சிற்றி எழும் என்று மெராஸ் நிறுவனம் அறிவித்தது. சில மாதங்களிலேயே உலக நிதி நெருக்கடியில் திட்டம் நின்றுபோயிற்று. மனிதர்கள் போனார்கள், கட்டடம் வரவில்லை. இடிக்கப்பட்ட பகுதிகள் பல ஆண்டுகள் மணல்வெளியாகவே கிடந்தன. நட்டஈடு காணியின் உரிமையாளருக்கு உரியது. வாடகையாளரின் பழகிய கடை, நடைதூரத்து வேலை, கடன் கொடுக்கும் பலசரக்குக் கடைக்காரர் ஆகியவற்றுக்கு எந்தப் பத்திரத்திலும் விலை இடப்படுவதில்லை.

ஜெத்தாவில் 2021 ஒக்டோபரில் தொடங்கிய இடிப்பு இதைவிடப் பெரியது. அறுபதுக்கு மேற்பட்ட குடியிருப்புப் பகுதிகள் அதில் அடங்கின. ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். வெளியேற்றப்பட்டோரில் 47 வீதமான வெளிநாட்டவர் நட்டஈட்டுத் திட்டத்திலிருந்து விலக்கப்பட்டனர் என்று சர்வதேச மன்னிப்புச்சபை 2022 ஜூனில் கூறியது. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் இந்த 'வெளிநாட்டவர்' என்ற சொல்லுக்குள் வருவார்கள். பிறப்பால் அங்கு குடியுரிமை கிடைப்பதில்லை.

2022 ஒக்டோபரில், உலகக் கிண்ணப் போட்டிக்குச் சற்று முன்னர், தோஹாவில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வாழ்ந்த கட்டடங்கள் காலிசெய்யப்பட்டன. சுமார் 1200 பேர் வாழ்ந்த ஒரு கட்டடத்தில் இரண்டு மணி நேர அவகாசமே தரப்பட்டதாக அங்கிருந்தோர் ரொய்ட்டரிடம் கூறினர். இது நகரை மறுசீரமைக்கும் நீண்டகாலத் திட்டத்தின் பகுதி என்றும், அனைவருக்கும் மாற்றிடம் வழங்கப்பட்டது என்றும் கட்டார் அதிகாரி ஒருவர் பதிலளித்தார். மாற்றிடம் தருவதாயின் முன்னரே அறிவிக்கத் தடை என்ன என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

யாருடைய ஞாபகம் இயந்திரத்தை நிறுத்தும்?

இயந்திரம் நிறுத்தப்பட்ட சந்தர்ப்பங்களும் உண்டு. 1970 அளவில் சார்ஜாக் கோட்டை இடிக்கப்பட்டுக் கொண்டிருந்தபோது, கெய்ரோவில் படித்துக்கொண்டிருந்த இளவரசர் சுல்தான் விரைந்து திரும்பித் தடுத்தார். ஒரு கோபுரமும் சில சுவர்களுமே மிஞ்சின. அவரே ஆட்சியாளரான பின்னர், தொண்ணூறுகளில் கோட்டை மீளக் கட்டப்பட்டது. டுபாயின் பஸ்தகியாவில் பாதி எண்பதுகளில் அழிந்தது. மீதியும் இடிபடவிருந்த வேளையில் அங்கு வாடகைக்கு வாழ்ந்த ரெய்னர் ஒட்டர் என்ற பிரித்தானியக் கட்டடக்கலைஞர் 1989இல் இளவரசர் சார்ள்சுக்குக் கடிதம் எழுதினார். சார்ள்ஸ் வந்து பார்த்தார், மிச்சம் பிழைத்தது.

தோஹாவின் முஷைரிப்பில் 31 ஹெக்டேயர் பரப்பு துப்புரவாக்கப்பட்டபோது நான்கு பழைய வீடுகள் காக்கப்பட்டு, 2015இல் அருங்காட்சியகங்களாயின. அவற்றுள் ஒன்று இந்துசமுத்திர அடிமை வணிகத்தைப் பற்றியது, இன்னொன்று முதற்காலக் கட்டாரிய எண்ணெய்த் தொழிலாளரைப் பற்றியது. இது பாராட்டத்தக்க நேர்மை. ஆனால் இடிப்புக்கு முந்திய பல ஆண்டுகள் அப்பகுதியை நிரப்பி வாழ்ந்த தெற்காசியத் தொழிலாளருக்கு அவ்வாறு ஒரு வீடு ஒதுக்கப்படவில்லை. தூரத்துப் பழமை மரபாகிறது, அண்மைப் பழமை குப்பையாகிறது.

எமக்கு இதில் என்ன?

இதை ஐரோப்பாவிலோ கனடாவிலோ இருந்து வாசிக்கும் நாம், இது அரேபியரின் பிரச்சினை என்று ஒதுங்க முடியாது. வலிகாமம் வடக்கில் 1990இல் இடம்பெயர்ந்தவர்கள் நீண்டகாலத்தின் பின் உயர் பாதுகாப்பு வலயத்திலிருந்து விடுவிக்கப்பட்ட காணிகளுக்குத் திரும்பியபோது, பலவிடங்களில் வீடும் மதிலும் எல்லையும் இருக்கவில்லை. சமப்படுத்தப்பட்ட நிலமே இருந்தது. ஆயினும் அவர்களிடம் காணி உறுதி இருந்தது. அதைக் காட்டி வழக்காட முடிந்தது. 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது கொடுக்கப்பட்டதும் இரண்டு மணி நேரமே. நிகழ்ச்சிகள் வேறு, குற்றத்தின் தன்மையும் வேறு. ஆனால் இரண்டு மணி நேரத்தில் எதை எடுத்துக்கொண்டு போகமுடியும் என்பது எல்லோருக்கும் ஒன்றுதான்.

வளைகுடாவில் வாழ்ந்த எம்மவரிடம் உறுதி இல்லை. கடிதவுறைகூட இல்லை என்றே சொல்லவேண்டும். அமீரகத்தில் தபால் பொதுவாக வீட்டுக்கு வருவதில்லை. தபால்பெட்டி இலக்கத்துக்கே போகும், தொழிலாளியின் பெட்டியோ கம்பனியினுடையது. ஊரில் மனைவி பத்திரப்படுத்திய நூறு கடிதங்களில் ஒன்றிலேனும் அவர் படுத்துறங்கிய வீட்டின் பெயர் இராது. வீடு இடிந்தபின் அவர் அங்கிருந்தார் என்பதற்கு அவரது வாய்ச்சொல்லைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

ஆகவே செய்யக்கூடியது ஒன்று உண்டு. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சத்வா, நைஃப், கராமா, முஷைரிப் ஆகிய இடங்களில் வாழ்ந்தோர் பலர் இன்று ஊரிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் இருக்கிறார்கள். எந்த வீதி, எந்தக் கட்டடம், எத்தனை பேர் ஓர் அறையில், எப்போது எழுப்பினார்கள், எத்தனை நாள் அவகாசம் என்ற ஐந்து கேள்விகளை அவர்களிடம் கேட்டு எழுதிவைப்பதற்குப் பெரிய நிறுவனம் தேவையில்லை. நட்டஈடு இதனால் கிடைத்துவிடாது. ஆனால் நாளைக்கு யாராவது அந்தக் காணி வெறுமையாகவே இருந்தது என்று எழுதும்போது, இல்லை என்று சொல்வதற்கு எம்மிடம் ஒரு கடதாசியாவது இருக்கும். இது போதுமா, இதைவிட வேறு வழி உண்டா என்பதை வாசகர்கள் விவாதிக்கவேண்டும்.