விளக்கை நாடாத அந்து

அரபு, பாரசீகக் கவிதைகளில் விட்டிலின் இடம் விளக்கின் அருகே. சுடரில் தன்னை மாய்த்துக்கொள்ளும் காதலனுக்கு அது உவமை. ‘ஃபராஷ்’ என்னும் அரபுச் சொல்லை விட்டில் என்று சிலரும் ஈசல் என்று சிலரும் தமிழில் பெயர்ப்பர். ஈசலோ சிறகு முளைத்த கறையான். விட்டிலின் இனத்தைச் சேர்ந்ததன்று. கம்பளி அரிக்கும் சிற்றந்துக்கு அரபியில் ‘உத்தா’ எனத் தனிச்சொல் உண்டு. இப்பிரிவினை பொருத்தமானதே. கம்பளி அந்து சுடரைத் தேடி வருவதில்லை. ஒளி பட்டதும் துணி மடிப்புக்குள் ஓடி ஒளியும். விளக்கைச் சுற்றும் பூச்சியைக் கண்டு பெட்டியிலுள்ள சால்வைக்காக அஞ்சுவோர் பெரும்பாலும் வேறொரு பூச்சிக்கே அஞ்சுகின்றனர்.

விலங்குகளுக்கு இருசொற் பெயரிடும் முறைக்கு, ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸின் ‘சிஸ்டமா நாச்சுரே’ பத்தாம் பதிப்பே (1758) தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. அந்துகளைக் குழுக்களாகப் பிரித்த அவர், ‘டினியா’ குழுவின் பெயர்கள் ‘எல்லா’ என்று முடியுமாறு அமைத்தார். ஈற்றைக் கேட்டதும் குழு விளங்கிவிடும். ஸர்ஃபு பயின்றவர்க்கு இது பழகிய உத்திதான். சொல்லின் வஸ்னைக் கொண்டே அதன் வகையை அறிபவரல்லவா நாம்?

பெல்லியோனெல்லா, டபெட்செல்லா ஆகிய இரு துணியந்துகள் அந்நூலில் உள்ளன. இன்று கம்பளிக்குப் பெருஞ்சேதம் விளைக்கும் அந்துக்கோ 65 ஆண்டுகள் கழித்தே இன்று வழங்கும் பெயர் கிடைத்தது. 1823இல் ஹம்மல் அதனை ‘டினியா பிசெல்லியெல்லா’ என்று விவரித்தார். 1853இல் ஹெரிக்-ஷேஃபர் ‘டினியோலா’ என்ற பேரினத்தை நிறுவினார். இவ்வந்து இன்று அதில் அடங்குகிறது. எனவே அதன் முழுப்பெயர்: டினியோலா பிசெல்லியெல்லா (ஹம்மல், 1823). முதலில் விவரித்தவரின் பெயரை அடைப்புக்குறிக்குள் இட்டால், அவர் வைத்த பேரினத்திலிருந்து இவ்வினம் பின்னர் இடம்பெயர்ந்தது என்பது பொருள். அறிவிப்பாளர் தொடரைப் பேணும் மரபில் வந்தவர்க்கு இக்குறியின் மதிப்பை விளக்க வேண்டியதில்லை.

சிறகு விரித்தால் இதன் அகலம் சுமார் 9 முதல் 16 மில்லிமீட்டர். முன்சிறகு புள்ளியற்ற வைக்கோற்பொன் நிறம்; தலையில் செம்பழுப்பு மயிர்க்கற்றை. பெல்லியோனெல்லாவின் முன்சிறகில் கரும்புள்ளிகள் உண்டு. அதன் புழு பட்டுக்கூட்டைச் சுமந்துகொண்டே நகரும். டபெட்செல்லாவின் முன்சிறகு அடிப்பகுதியில் கருமை, எஞ்சிய பகுதியில் வெண்மை. பிசெல்லியெல்லாவின் புழுவோ துணியோடு ஒட்டிய பட்டுக்குழாயை நூற்று, அதனுள் இருந்து தின்னும்.

இவ்வளவு தெளிவான அடையாளங்கள் எப்போதும் வாய்ப்பதில்லை. பெல்லியோனெல்லா என்று நம்பப்பட்ட மாதிரிகளில் ஒன்றையொன்று ஒத்த பல இனங்கள் கலந்திருந்ததை 1979இல் கேடன் ராபின்சன் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. சிறகின் நிறம் அவற்றைப் பிரிக்கப் போதவில்லை. இனப்பெருக்க உறுப்புகளைப் பிரித்தெடுத்து நுண்ணோக்கியில் ஒப்பிட வேண்டியிருந்தது. பழைய சேகரிப்புகளின் பெயர்ச்சீட்டை மட்டும் நம்பி எழுதப்பட்ட பட்டியல்கள் இதனால் ஐயத்திற்குரியவை ஆயின.

துணியைத் தின்பது புழுவே. வளர்ந்த அந்து உண்பதே இல்லை. கம்பளி, மயிர், இறகு ஆகியவற்றின் கெரட்டின் புரதத்தைப் பெரும்பாலான உயிர்களால் செரிக்க இயலாது. இப்புழுவின் நடுக்குடலிலுள்ள காரத்தன்மையும் ஆக்சிஜனற்ற நிலையும் அப்புரதத்தின் கந்தகப் பிணைப்புகளை உடைத்துவிடுகின்றன. வியர்வையும் உணவுக்கறையும் படிந்த துணியை அது விரும்புவதால், துவைக்காமல் மடித்து வைத்த சால்வையே முதலில் துளைபடும். அறையில் தாழப் பறப்பவை பெரும்பாலும் ஆண்கள். அவற்றை அடித்துக் கொல்வதால் பயன் குறைவு. முட்டை சுமந்த பெண் அந்து அரிதாகவே பறக்கிறது, மடிப்புகளுக்கிடையே ஊர்ந்துகொண்டிருக்கிறது.