பெட்டிக்குள்ளே நாலு பெட்டி: திருக்கோஷ்டியூரில் ஒரு சர்வர் வேட்டை

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வாருங்கள்! சௌமிய நாராயணப் பெருமாள் கோயிலிலிருந்து நடந்தே வந்துவிடலாம், அவ்வளவு பக்கத்து வீடு. முற்றத்தைத் தாண்டி இரண்டாம் கட்டுக்குள் நுழைந்தால் பித்தளை அண்டாக்கள் அடுக்கிய சின்ன அறை. அதன் மூலையில் பச்சை விளக்கு மினுக்க, ‘ர்ர்ர்’ என்று முனகிக்கொண்டு கறுப்பாக ஒன்று நிற்கிறதே, அவர்தான் இன்றைய கதாநாயகர். நான்கு ஹார்ட் டிஸ்க், 32 ஜிபி ரேம், தோளோடு தோளாக ஒரு யுபிஎஸ். என் நண்பரின் வீட்டு சர்வர்!

இதன் வயிற்றில் என்னென்ன இருக்கிறது தெரியுமா? மூன்று தலைமுறைக் கல்யாணப் படங்கள். கேசட்டிலிருந்து மாற்றிய அப்பத்தாவின் தாலாட்டு. கறையான் தொடுவதற்குள் ஸ்கேன் செய்த பத்திரங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, வருஷா வருஷம் மாசித் தெப்பம். தெப்பக்குளக் கரை முழுக்க அகல்விளக்கு எரியும். வேண்டிக்கொள்கிறவர்கள் அதில் ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போய், வேண்டியது நடந்ததும் அடுத்த தெப்பத்தில் கொண்டுவந்து ஏற்றுவார்கள். சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிற சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அதைப் படம் எடுத்து அன்றைக்கு ராத்திரியே இந்தப் பெட்டிக்குள் ஏற்றுவார்கள்.

இந்தத் தெப்பத்தன்று பெட்டி படுத்துவிட்டது. “போட்டோ ஏறவே மாட்டேங்குது”, “சுத்திக்கிட்டே இருக்கு” என்று வீட்டுக்குள் நாலா பக்கமும் குரல். “ஏம்ப்பா, பெட்டிக்கு உடம்புக்கு முடியலையா?” என்று அப்பத்தாவே எழுந்து வந்து கேட்டார்கள். நோய் எங்கே என்று தேடும் வேலையில் நானும் கூட இருந்தேன். எவ்வளவு சுவாரசியமான வேலை என்று சொல்லத்தான் உங்களைக் கூட்டிவந்தேன்.

முதலில் பெட்டியின் குடித்தனத்தைப் பார்த்துவிடுவோம். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கம்ப்யூட்டர். உள்ளே நாலு! ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற மென்பொருள் ஒரே எந்திரத்தைப் பல எந்திரங்களாகப் பிரித்துக் கொடுக்கிறது. நகரத்தார் வீடுகளில் பிள்ளைக்குக் கல்யாணமானதும் ‘வேறு வைப்பார்கள்’ இல்லையா? ஒரே வளவு, ஒரே முற்றம். ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது ஒவ்வொரு தம்பதிக்கும், தனி அறை, தனி அடுப்பு, தனிக் கணக்கு. கிணறு மட்டும் பொது. இங்கேயும் அப்படியேதான்: ஒருவர் கோப்புகளைக் காக்கிறார், ஒருவர் படங்களைத் தேதிவாரியாக அடுக்குகிறார், ஒருவர் பாட்டும் படமும் ஓட்டுகிறார், இன்னொருவர் ராத்திரிப் பிரதி எடுக்கிறார். அடுப்பு தனித்தனி, டிஸ்க் என்கிற கிணறு ஒன்றே ஒன்று. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி நோய் புரிந்துவிடும்.

இந்த வித்தை புதிதல்ல. 1960களின் பிற்பகுதியிலேயே ஐபிஎம் தன் பெருங்கணினிகளில் இதைச் செய்து காட்டியது. 2007-இல் கேவிஎம் என்ற பகுதி லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே சேர்ந்த பிறகுதான் நம் வீட்டு அலமாரிக்கு அது வந்தது. பெருங்கணினிக் கூடங்களின் சங்கதி அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்தாலே எனக்குப் புல்லரிக்கிறது!

சரி, வேட்டைக்கு வருவோம். பெட்டி மெதுவானால் ஆளாளுக்கு ஒரு மருந்து சொல்வார்கள்: ரேம் போடு, ரௌட்டரை மாற்று, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்று. நண்பர் எதையும் தொடவில்லை. “அளந்து பார்க்காம கை வைக்கக் கூடாது” என்றார். வேட்டை முழுக்க அவர் விடாமல் பிடித்துக்கொண்ட விதி அது ஒன்றுதான்.

முதல் அளவு, வயர். ஐபெர்ஃப் என்ற சின்னக் கருவி டிஸ்க்கைத் தொடாமல் வயரின் வேகத்தை மட்டும் சொல்லும். வினாடிக்கு 940 மெகாபிட் வந்தது. கிகாபிட் கேபிளுக்கு அதுதான் முழு ஆரோக்கியம். கோப்பாகக் கணக்கிட்டால் வினாடிக்கு 110 மெகாபைட்டுக்கு மேல் போகும். உங்கள் வீட்டில் கோப்பு நகர்வது 11 மெகாபைட்டிலேயே நின்றுவிட்டால் சர்வரைத் திட்டாதீர்கள், கேபிளைப் பாருங்கள். கிகாபிட்டுக்கு உள்ளே இருக்கும் நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும். ஒரு ஜோடி அறுந்தாலும் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடலாம், ஒரு வார்த்தை சொல்லாமல்!

அடுத்து பிராசஸர். முக்கால்வாசி சும்மா இருந்தது. ஆனால் பக்கத்திலேயே இன்னொரு எண் வானத்துக்கு ஏறியிருந்தது: ‘ஐஓ வெயிட்’. டிஸ்க்கின் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம் அது. கூட்டம் கிணற்றடியில்தான் என்று தெரிந்துவிட்டது.

டிஸ்க்கே நோயாளியோ? ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலைக் குறிப்பைத் தானே எழுதி வைத்துக்கொள்ளும். ஸ்மார்ட் என்று பெயர். அதில் 197-ஆம் வரி படிக்க முடியாமல் தவிக்கும் இடங்களைச் சொல்லும். 199 ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் குற்றவாளி டிஸ்க் அல்ல, சாட்டா கேபிள். இரண்டும் பூஜ்யம். ரகத்தையும் பார்த்தோம். தடங்களை ஓட்டுக்கூரை மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும் எஸ்எம்ஆர் டிஸ்க்குகள் தொடர்ந்து எழுதச் சொன்னால் திணறிப்போகும். 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையின் சில டிஸ்க்குகளில் இந்த முறை இருப்பதை ஒப்புக்கொண்டபோது உலகம் முழுக்க வீட்டு சர்வர்காரர்கள் கொதித்ததும், பிறகு எந்த டிஸ்க் எந்த ரகம் என்று நிறுவனங்கள் பட்டியல் வெளியிட்டதும் நினைவிருக்கலாம். இங்கே இருந்தவை பழைய முறை டிஸ்க்குகள். அவையும் நிரபராதி!

இனிமேல்தான் எனக்குப் பிடித்த கட்டம். டிஸ்க் வேகத்தை அளக்கப் பலர் வெறும் பூஜ்யங்களை எழுதிப் பார்ப்பார்கள். இந்தப் பெட்டியில் இசட்எஃப்எஸ் இருக்கிறது. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜெஃப் பான்விக், மேத்யூ ஆரன்ஸ் குழு உருவாக்கி 2005-இல் மூலநிரலோடு வெளிவந்த கோப்பு அமைப்பு. அதன் சுருக்கும் வசதி இயங்கினால் பூஜ்யங்களைக் காற்றாகச் சுருக்கிவிட்டு, நம்ப முடியாத வேகத்தைத் திரையில் காட்டும். ஆகவே எஃப்ஐஓ என்ற கருவியை எடுத்து, சுருக்க முடியாத தாறுமாறான தரவை எழுதச் சொன்னோம். பெரிய கோப்பை நீளமாக எழுதினால் வினாடிக்கு 300 மெகாபைட்டை ஒட்டி வந்தது. அருமை! அப்புறம் ஏன் படம் ஏறவில்லை?

அடுத்த சோதனை: 8 கிலோபைட் குட்டித் துணுக்கு ஒன்றை எழுது, அது டிஸ்க்கில் நிஜமாகவே பதிந்துவிட்டது என்று உறுதி வரும்வரை நில், பிறகு அடுத்ததை எழுது. என்ன வந்தது தெரியுமா? வினாடிக்கு நூறுகூட இல்லை! துணுக்குகளின் எண்ணிக்கையைச் சொல்கிறேன். கூட்டிப் பார்த்தால் ஒரு மெகாபைட்டுக்கும் குறைவு. எங்கள் இருவருக்கும் கைதட்டத் தோன்றியது.

ஏன் நூறு? கணக்குப் போடுவோம், ரொம்ப அழகான கணக்கு. டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 7,200 சுற்று. வினாடிக்கு 120. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி வினாடி. எழுத வேண்டிய இடம் தலைக்கு அடியில் வரும்வரை தட்டு சுழன்றாக வேண்டும். தலையும் தடம் மாறி நகர வேண்டும். ஒவ்வொரு துணுக்குக்கும் உறுதி கேட்டு நின்றால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சர்வரானாலும் அந்த 120-ஐ ஒட்டித்தான் நிற்கும். தட்டு ஒன்று சுழலும் வேகம், சிங்கப்பூர் அத்தையின் போனில் சுற்றும் வட்டமாகத் தெரிகிறது!

உறுதி கேட்டு நின்றது யார்? படங்களை அடுக்குகிறவரின் தரவுத்தளம். ஒவ்வொரு படத்துக்கும் பெயர், நேரம், இடம் என்று குறித்து, ஒவ்வொரு குறிப்பும் பதிந்ததா என்று உறுதி செய்துகொள்ளும் நல்ல பிள்ளை அது. அதன் டிஸ்க்கோ கோப்புக் காவலரின் வீட்டில், நெட்வொர்க் வழியாக இருந்தது. ஒரே பெட்டிக்குள் ஒவ்வொரு குறிப்பும் ஓர் எந்திரத்திலிருந்து கிளம்பி, கற்பனை வயரில் பயணித்து, இன்னொரு எந்திரத்தில் இறங்கி, டிஸ்க்கைத் தொட்டு, அதே வழியில் திரும்பி வந்திருக்கிறது. போதாக்குறைக்கு ராத்திரிப் பிரதி எடுக்கிறவரும் அதே நேரத்தில் கிணற்றடிக்கு வந்துவிட்டார்.

இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. உறுதி கேட்டால் எழுதாமலே ‘எழுதியாச்சு’ என்று பதில் சொல்லும்படி இசட்எஃப்எஸ்ஸுக்கு ஒற்றை வரிக் கட்டளை கொடுக்கலாம். பெட்டி பறக்கும். போனில் இருந்த சொந்தக்காரப் பையன் ஒருவன் அதைத்தான் செய்யச் சொன்னான். கூடாது, கூடவே கூடாது என்று நான் சத்தம் போட்டேன், இங்கேயும் போடுகிறேன். இசட்எஃப்எஸ் வழக்கமாக 5 வினாடி வரையிலான எழுத்தை நினைவகத்தில் சேர்த்துவைத்து மொத்தமாக டிஸ்க்குக்கு அனுப்புகிறது. அந்த இடைவெளியில் கரண்ட் போய் யுபிஎஸ்ஸும் கைவிட்டால், எழுதியாச்சு என்று சொன்னது எழுதப்படாமலே போகும். இசட்எஃப்எஸ் உடையாது, ஆனால் வாக்கு உடையும். படம் ஏறிவிட்டது என்று சர்வர் சொன்னதும் இடம் காலி செய்வதற்காகப் போனிலிருந்து அழித்துவிடுகிறவர்கள் எத்தனை பேர்! அந்தப் படம் அதற்குப் பிறகு எங்குமே இருக்காது. பெட்டி மெதுவாக இருந்தது நேர்மையாக இருந்ததால். அந்த நேர்மையை விற்று வேகம் வாங்கக் கூடாது.

வீட்டில் பத்திரப்படுத்துவதை நான் இவ்வளவு பெரிதாகப் பேச ஒரு காரணம் உண்டு: இங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் கோட்டையூர். ரோஜா முத்தையா அங்கே தன் வீட்டில் பழைய தமிழ்ப் புத்தகங்களையும் இதழ்களையும் சேர்த்துச் சேர்த்து வைத்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994-இல் அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமானது. இன்று தமிழ் ஆய்வாளர்கள் தேடிப்போகும் தாள்கள் ஒரு மனிதர் வீட்டில் பத்திரமாக இருந்தவை! அண்டா அறைப் பெட்டியையும் நான் அந்த மரியாதையோடுதான் பார்க்கிறேன்.

மருந்து என்ன கொடுத்தோம்? கரண்ட் போனாலும் கையிலிருக்கும் எழுத்தை முடிக்கிற அளவுக்கு மின்சாரத்தைக் கெபாசிட்டரில் சேர்த்துவைத்திருக்கும் எஸ்எஸ்டி இரண்டு வாங்கி, ஒன்றுக்கொன்று பிரதியாக வைத்து, தரவுத்தளத்தை நேரே அங்கே குடியேற்றினோம். படங்கள் பழையபடி பெரிய டிஸ்க்கில். ராத்திரிப் பிரதிக்கு விடியற்காலை 3 மணி. அதே 8 கிலோபைட் சோதனையை மறுபடி ஓட்டியபோது வினாடிக்குப் பல ஆயிரம். ஒவ்வொன்றும் நிஜமாகப் பதிந்த துணுக்கு! குடும்பக் குழுவில் எல்லாரும் ஒரே நேரத்தில் ஏற்றிப் பாருங்கள் என்று செய்தி போட்டார் நண்பர். தெப்பத்தன்று ஏறாமல் நின்ற படங்கள் மளமளவென்று வந்து இறங்கின. குளக்கரை விளக்குகள், பட்டுப்புடவைகள், யாரோ ஒரு குழந்தையின் பாதி முகம்!

அடுத்த வேட்டை தயார். முன்கட்டில் உட்கார்ந்தால் வைஃபை வருவதில்லை. இந்த வீட்டுச் சுவர்களின் தடிமனை நீங்களே பார்த்தீர்கள். நண்பர் இப்போதே ஏணியும் கேபிள் சுருளுமாக முற்றத்தில் நிற்கிறார். ஒரு கை கொடுங்கள், மேலே உத்தரத்தை ஒட்டி இழுக்க வேண்டும்.