சிறு வளவில் குட்டைத் தக்காளி

மாரி மழை ஓய்ந்து தை பிறக்கும்போது யாழ்ப்பாணக் குடாநாட்டிலே தக்காளிக்கு உகந்த காலமும் பிறக்கின்றது. அக்காலம் நீண்டதன்று. பங்குனி கழிந்து, பகல் வெப்பம் 32 பாகை செல்சியசைத் தாண்டும் நாட்களில் மகரந்தம் வலுவிழக்கும். பூக்கள் காய்பிடியாது உதிரும். ஆதலின் இக்குறுகிய காலத்துள் பூத்துக் காய்த்து முடியும் இனமே வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்றது. 15 அடி நீளமும் 5 அடி அகலமுங்கொண்ட, நன்கு வெயில் விழும் ஒரு துண்டு நிலத்தில் 20 கன்றுகள் நடலாம்.

குட்டை இனத்தின் இயல்பு

நெட்டை இனங்களின் நுனி ஓயாது வளரும். அவை நெடுநாள் சிறிது சிறிதாகக் காய்க்கும். குட்டை இனத்தில் ஒவ்வொரு கிளையும் பூங்கொத்தில் முடிவடையும். செடி இரண்டு, மூன்று அடி உயரத்தோடு நின்றுவிடும். காய்கள் சில வாரங்களுள் ஒருசேரப் பழுக்கும். நீண்ட பழங்களையுடைய ரோமா இவ்வகையைச் சேர்ந்தது.

இவ்வியல்பைக் கருதாது யான் செய்த தவறு ஒன்றைக் கூறுதல் தகும். பண்ணைப் பாடசாலையில் நெட்டை இனத்துக்குப் பக்கக்கிளை கிள்ளும் முறையைக் கற்றிருந்தேன். உத்தியோகம் ஏற்ற முதலாண்டில் ஒரு வீட்டிலே குட்டைக் கன்றுகளுக்கும் அவ்வாறே செய்யும்படி கூறினேன். அவ்வீட்டு அம்மையார் ஒன்றும் விடாது கிள்ளினார். காய்க்கவேண்டிய கிளைகள் யாவும் போயின. செடிக்கு ஐந்தாறு காய்களே எஞ்சின. "தம்பி சொன்னபடிதானே செய்தனான்" என்றார் அவர். என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. குட்டைத் தக்காளியின் கிளையைக் கிள்ளற்க. மண்ணைத் தொடும் அடியிலைகளை மாத்திரம் அகற்றுக.

நாற்று

கார்த்திகை நடுப்பகுதியில் உயர்ந்த மேடையிலே விதைத்தல் வேண்டும். மழை நேரே அடியாதிருக்க மேலே பந்தலிடுக. இலைச்சுருளை நோயைப் பரப்பும் வெண்ஈ அணுகாதபடி நெருக்கமான வலையால் மூடுதல் நன்று. மூன்று, நான்கு வாரக் கன்றுகளை மார்கழி நடுப்பகுதியில், மாலை வேளையில் நடுக. இரண்டு கிழமை கழித்துச் சிறு அளவில் மறுமுறையும் விதைத்தால், பழங்கள் ஒரே நாளிற் குவியாமல் வீட்டுக்குத் தொடர்ந்து உதவும்.

நடுகையும் இறைப்பும்

வரிசைக்கு வரிசை 2½ அடியும், கன்றுக்குக் கன்று 1½ அடியும் இடைவெளி விடுக. குழிக்கு இரு கை நிறைய, நன்கு மக்கிய மாட்டெரு இட்டு மண்ணுடன் கலக்கவேண்டும். யூரியாவை மிகுதியாக இடின் இலை தழைக்கும்; பூ பிந்தும். காய்கள் ஒரே வேளையிற் பருப்பதால் ஒவ்வொரு செடிக்கும் குறுந்தடி ஒன்று ஊன்றிக் கட்டுக.

ஒருநாள் வெள்ளமாக இறைத்து, பின் பல நாள் காயவிடுதல் தீது. அதனாற் காயின் அடி கறுத்து அழுகும். அளவாக, ஒழுங்காக, வேரடியில் இறைக்கவேண்டும். வைக்கோலோ, காய்ந்த கஞ்சலோ பரப்பினால் ஈரம் காக்கப்படும்.

வாடலும் தேமலும்

பச்சை இலையுடன் செடி திடீரென வாடின், அதன் அடித்தண்டை வெட்டித் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் தொங்கவிடுக. வெட்டுவாயிலிருந்து பால்போன்ற இழை இறங்குமாயின் அது பற்றீரியா வாடலாகும். மருந்திட்டு அதனை மாற்ற இயலாது. செடியை வேருடன் பிடுங்கி எரிக்கவேண்டும். அவ்விடத்து நீர் ஏனைய கன்றுகளுக்குப் பாயவிடலாகாது. கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு, புகையிலை ஆகியன தக்காளியின் இனத்தன. அவை நின்ற தறையில் உடனே தக்காளி நடுதல் தகாது.

புகையிலைத் தேமல் நோய் கைவழியாகவும் பரவும். புகையிலைத் தோட்டத்தில் வேலைசெய்தவரும் சுருட்டுப் புகைப்பவரும் சவர்க்காரமிட்டுக் கைகழுவிய பின்னரே கன்றைத் தொடுக.

விதை

கலப்பினமல்லாத தக்காளியாயின், நோயற்ற நல்ல செடியைப் பூக்கும்போதே அடையாளமிடுக. அதன் முற்றிப் பழுத்த பழத்தின் விதைகளைச் சாற்றுடன் இரண்டு நாள் புளிக்கவைத்துக் கழுவி, நிழலில் உலர்த்தி, காற்றுப் புகாத போத்தலிற் பேணலாம். கலப்பினத்தின் விதை தாய்ச்செடியை ஒத்திராது.

நெட்டைச் செடியில் ஒரு கிழமைத் தவறை மறு கிழமை திருத்தலாம். குட்டைச் செடிக்கு ஆயுள் குறுகியது. வேளைக்கு விதைத்து, கிளையைக் காத்து, இறைப்பு முறையைத் தவறாது பேணுவோர் மாசியிலும் பங்குனியிலும் தம் வளவிலேயே பழம் பறிப்பர்.