வாசலில் பேசும் துபாஷி

புதுச்சேரி ரங்கப்பிள்ளை வீதியில் இன்றும் நிற்கும் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையைக் கடந்து போகும்போதெல்லாம், துபாஷி என்னும் மொழிபெயர்ப்பாளர் தொழிலின் சூட்சுமத்தைப் பற்றிச் சற்றே யோசியாமல் இருக்க என்னால் முடிவதில்லை. பிரெஞ்சு கவர்னர் டூப்ளேக்கும் ஊர் வர்த்தகர்களுக்கும் நடுவே மொழி குறுக்கே நின்ற இடத்தில், இரு தரப்பாரையும் ஒரே கூடத்தில் சேர்த்து வைப்பதே அவர் உத்தியோகம். வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி, கவர்னர் சொல்லக்கூடியதைத் தாமே சொல்லி அனுப்பிவிட்டிருந்தால், கூடத்துக்குள் யார் வந்திருப்பார்கள்?

தேடுபொறியும் நெடுங்காலம் இத்தகைய துபாஷியாகவே இருந்து, கேட்டவரைத் தக்க தளத்தின் வாசலில் கொண்டுபோய் விட்டுவந்தது. 2012-இல் கூகுள் தன் பக்கத்து ஓரத்தில் ஒரு தகவல் பெட்டியை வைத்தபோது சௌகரியம் என்று மெச்சினோம். 2024-இல், முதலில் அமெரிக்காவிலும் சில மாதங்களில் இந்தியாவிலும், செயற்கை நுண்ணறிவு எழுதும் சுருக்கம் எல்லாவற்றுக்கும் மேலே வந்து அமர்ந்துகொண்டது.

சுதந்திர தினத்துக்கு மறுநாளும் உங்கள் ஊரில் விடுமுறையாமே, ஏன் என்று வெளியூர் நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். நான் வாயெடுப்பதற்குள் அவர் கைபேசியே, 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டது. பிழையில்லாத விடைதான். ஆனால் 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இணைப்பை ஆதரித்தும் 8 பேர் எதிர்த்தும் வாக்களித்ததும், நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியதும், 1956-இல் கையெழுத்தான ஒப்பந்தம் பிரெஞ்சுப் பாராளுமன்றத்தின் சம்மதத்துக்காக, அல்ஜீரிய யுத்தம் ஓய்ந்த 1962 வரை காத்துக் கிடந்ததும் எந்தத் தளத்தில் விரிவாக எழுதப்பட்டிருக்கின்றனவோ, அந்தத் தளத்துக்கு அன்று ஒரு வாசகர் குறைந்தார். விளம்பரக்காரர் பணம் கொடுப்பது வருகிற வாசகரின் தலையை எண்ணித்தானே!

பியூ ஆராய்ச்சி மையம் 2025 மார்ச் மாதத்தில் 900 அமெரிக்கர்களின் தேடல்களைக் கவனித்ததில், சுருக்கம் இல்லாத இடங்களில் 100-க்கு 15 முறை ஏதேனும் ஒரு தளத்தின் இணைப்பைத் திறந்தவர்கள், சுருக்கம் தோன்றிய இடங்களில் 8 முறையே திறந்தார்கள். சுருக்கத்துக்குள்ளேயே இருந்த இணைப்பைத் திறந்ததோ 1 முறைதான். விளம்பரமே இல்லாத விக்கிப்பீடியாவும் தப்பவில்லை: மனித வாசகரின் வருகை முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய 8 சதவீதம் சரிந்ததாக 2025 அக்டோபரில் அதன் நிர்வாகமே அறிவித்து, வருவோர் குறைந்தால் எழுதும் தொண்டர்களும் நன்கொடையாளர்களும் குறையக்கூடும் என்று விசனப்பட்டது.

பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்கும் எங்கள் ஊர்ப் பெரியவர் யூரோவின் இன்றைய மதிப்பைத் தேடினால், அதற்காக அவர் ஒரு தளத்தைத் திறந்து விளம்பரங்களைத் தாண்ட வேண்டியதில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். எனினும், என் எழுத்திலிருந்து ஒரு வரியும் எடுத்துக் காட்டாதே என்று தளத்துக்காரர் தடை போட்டால், சாதாரணத் தேடல் பட்டியலிலும் அவருடைய பக்கம் விவரமற்ற வெறும் தலைப்பாக நிற்கும் என்பது நியாயமான ஏற்பாடாக எனக்குத் தோன்றவில்லை. ஆனந்தரங்கர் துபாஷியாக இருந்ததோடு நில்லாமல், 1736 தொடங்கி ஏறக்குறைய 25 ஆண்டுகள் தாம் கண்டதையும் கேட்டதையும் நாட்குறிப்பாக எழுதியும் வைத்தார். புதிய துபாஷியோ பிறர் எழுதி வைத்ததைக் கொண்டே பேசுகிறது.

என் நண்பர் விடுமுறையின் காரணத்தைத் தெரிந்துகொண்டு ஊர் திரும்பிவிட்டார். கீழூர் எங்கே இருக்கிறது என்று இதுவரை அவர் கேட்கவில்லை.